யாரிடம் செல்வது, எந்தப் பக்கம் செல்வது: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு மனநல உதவி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மனநல உதவிக்கு மேற்கே பாலக்காட்டுக்கும் செல்லலாம், கிழக்கே பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் செல்லலாம். எந்த ஊர் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். எந்த வகை நிபுணர் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் ஊர் தானாகவே தெளிவாகும்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பெற்றவர். உளவியலாளரும் ஆலோசகரும் மருந்து எழுத முடியாது, இவர் எழுதலாம். பல இரவுகள் தூக்கமில்லாமல் போவது, பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம், பிரசவத்துக்குப் பின் தாயிடம் திடீரெனத் தெரியும் கடுமையான மாற்றம், சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஆலோசகரைத் தேடி நாளைக் கழிக்காமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை எழுதித் தருபவரிடம் முதலில் செல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பெயர்பெற்றது என்பதால் ஒன்றைக் குறிப்பிடவேண்டும்: கள்ளோ சாராயமோ, ஆண்டுக்கணக்கில் தினமும் மிகுதியாகக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதுவும் மருத்துவர் பார்வையில் நடக்க வேண்டிய வேலையே.

மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்பவர். தீராத பதற்றம், திரும்பத் திரும்பக் கை கழுவும் நிலை, பிள்ளையின் கற்றல் குறைபாடு போன்றவற்றுக்கு இவரை நாடலாம். மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்கிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஆலோசகர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. முதுகலை படித்தவரும் சில வாரப் பயிற்சி பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. தேர்வுப் பயம், கணவன் மனைவி மனத்தாங்கல், துக்கம் ஆகியவற்றுக்கு நல்ல ஆலோசகர் போதும்.

இனி ஊரைப் பற்றி. தூக்கம், பசி, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றை மலையாளம் கலந்த தமிழிலும் சொல்லிவிடலாம் என்பதால், மருந்துக்கு, அருகிலுள்ள பாலக்காடே சரி. பேச்சுவழிச் சிகிச்சை அப்படியல்ல. வாரந்தோறும் முக்கால் மணி நேரம், வெட்கப்படும் விஷயங்களையும் கோபத்தையும் தடையின்றிச் சொல்ல வேண்டியிருப்பதால், வீட்டில் தமிழ் பேசுபவர் தமிழ் பேசும் உளவியலாளரைத் தேடி எல்லை தாண்டுவதே நியாயம்.

நடைமுறையிலோ பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று மருந்துக்காகக் கோவைக்குச் சென்று, பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போவதால் மூன்றாம் மாதமே விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வு மருந்து பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பின்னும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதால், அருகில் செல்ல அஞ்ச வேண்டியதில்லை. கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஆசுவாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறியும் திட்டம் உள்ளது. அங்கே விசாரிப்பது நல்ல தொடக்கம்.

மனநோய் தீர வேண்டிப் பலர் செல்லும் சோட்டானிக்கரை பகவதி கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் போய்வரட்டும். மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்த வேண்டாம்.

யாரிடம் செல்வது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் கேட்கலாம். நாலைந்து சந்திப்புக்குப் பின்னும் உளவியலாளரிடம் மனம் ஒட்டவில்லையென்றால் அவரிடமே சொல்லிவிட்டு வேறொருவரிடம் மாறலாம். மருத்துவரை மாற்றுவதானால் பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். புதியவரைப் பார்க்கும் நாள்வரை பழைய மருந்தையே தொடர வேண்டும்.