மொதல் தடவை மலைக்காட்டுல நடக்கப் போறீங்களா? ஏரிக்கரையில ஆரம்பிங்க

பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச பாதி பேரு ரீல்ஸ்ல பச்சைப் புல்மேட்டைப் பாத்துட்டு நேரா சிக்கமகளூரு பக்கம் இருக்குற குதுரேமுக் மலைக்குப் போயிடுறாங்க, திரும்பி வந்து ஒரு வாரம் மாடிப்படியில கம்பியப் புடிச்சுட்டு எறங்குறாங்க. நானும் அப்படி எறங்குனவன்தான்.

மொதல்ல பெங்களூர் பக்கத்துல இருக்குற ஹெசரகட்டா போங்க. விடிகாலையில கெளம்புனா மதிய சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம். அர்க்காவதி ஆத்துல 1894ல, மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல கட்டுன ஏரி, அந்தக் காலத்துல ஊருக்கே பைப்புல தண்ணி போனது இங்க இருந்துதான். பக்கத்துலயே புல்வெளி, ஏத்தம்னு ஒண்ணும் கெடையாது. ரெண்டு லிட்டர் தண்ணியோட பையை மாட்டிட்டு, 5 கிலோமீட்டருக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சுக்கோங்க. தடத்தை விட்டு புல்லுல எறங்காதீங்க, வானம்பாடி தரையிலதான் கூடு கட்டும், மிதிச்ச அப்புறம்தான் தெரியும்.

அடுத்தது கணக்கு, எல்லாரும் விடுறது இதைத்தான். 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு 1 மணி நேரம். குதுரேமுக் உச்சி 1,894 மீட்டர். அடிவாரத்துல இருக்குற முள்ளோடியில இருந்து போயிட்டு வர சுமாரா 20 கிலோமீட்டர், ஏத்தம் 900 மீட்டர்னு போட்டா அஞ்சரை மணி நேரம் வருது. அதுல ரெஸ்ட் எடுக்குற நேரம், புளியோதரை சாப்பிடுற நேரம் எதுவும் சேராது. நம்ம ஆளுங்களுக்கு எட்டு மணி நேரம்னே வெச்சுக்கோங்க.

வனத்துறை பர்மிட் ஆன்லைன்ல கெடைக்கும், ஒரு நாளைக்கு இவ்ளோ பேருதான்னு கணக்கு இருக்கு, அது கையில வராம பஸ் டிக்கெட் போடாதீங்க. கோடையில காட்டுத்தீ பயத்துல பாதையை மூடிடுவாங்க.

ஷூ புதுசா வேணாம். கால் நகத்தை முந்தின நாளே வெட்டிடுங்க, எறக்கத்துல வெரல் முன்னாடி போயி முட்டி முட்டி நகம் கறுத்துடும், எனக்கு உதிர்ந்தே போச்சு. ஜீன்ஸ் நனைஞ்சா காயாது.

பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல வெறும் புல்லு, அங்க நடை அப்படித்தான் மாறி மாறி வரும். மழை சீசன்ல சோலைக்குள்ள அட்டை கண்டிப்பா ஏறும். ஒரு பழைய வேட்டித் துண்டுல கல்லுப்பு முடிஞ்சு, நனைச்சு, குச்சி நுனியில கட்டிக்கோங்க; அட்டை மேல ஒத்துனா தானா சுருண்டு விழும், எப்படி எடுத்தாலும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். மேட்டுல பனிமூட்டம் வந்தா மாட்டுத் தடம் எது மனுஷன் தடம் எதுன்னு தெரியாது, அதனால மேப்பை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிடுங்க, அங்க சிக்னல் நம்ப முடியாது.

கடைசியா, திரும்புற டைமை கீழயே பேசி வெச்சுடுங்க. நானும் மச்சானும் 1 மணின்னு வெச்சிருந்தோம். 12:50க்கு உச்சி கண்ணுக்கு நேரா நிக்குது, "அரை மணி நேரம்தான்டா மாமா"ன்னு கெஞ்சுறான். கேக்கல, திரும்பிட்டேன். சோலைக்குள்ள வந்தப்ப மணி நாலு, மழை புடிச்சு கண்ணு தெரியாத இருட்டு. ஜீப்புல உக்காந்து சாக்ஸைக் கழட்டுனப்ப என் கால்ல மூணு அட்டை, அவன் கால்ல எட்டு, அப்பவும் உச்சியைப் பத்திதான் பொலம்பிட்டிருந்தான்.