ஈஜிபி மாதிரி ஜிஞ்சர் பியர் வீட்டில செய்யிறவங்க விடுற பிழைகள்

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மட்டக்களப்புப் பக்கம் கன வீட்டு பிரிட்ஜ்ல ஒரு போத்தல் ஈஜிபி, அதுதான் எலிபன்ட் ஹவுஸ் கொம்பனியிட ஜிஞ்சர் பியர் சோடா, கிடக்கும், விலையும் ஏறிக்கொண்டேதான் போகுது, அப்ப இஞ்சியும் சீனியும் தேசிக்காயும் நம்மட குசினியிலயே கிடக்கக்குள்ள இத நாமளே செஞ்சா என்ன எண்டு யோசின வாறது சரிதான். செய்யலாம், நல்லாவும் வரும். ஆனா கடை ருசி வரல்ல, சோடாவில காத்து நிக்கிதில்ல, போத்தல் வெடிச்சிட்டு எண்டு சொல்ற ஆக்களிட கதையக் கேட்டுப் பாத்தா அடியில ஒரே பிழைதான் இரிக்கு, கொம்பனியில எப்பிடிச் செய்யிறாங்க எண்டு யோசிக்காம நேர ஈஸ்ட் பைக்கற்றத் தேடிப் போறது.

கொம்பனிச் சோடாவில என்ன இரிக்கு? சீனித் தண்ணி, இஞ்சி, புளிப்புக்கு ஒரு அசிட், மறுகா குளிர வச்ச தண்ணிக்குள்ள அமத்தி ஏத்தின காபனீரொட்சைட்டு, நாம காத்து எண்டு சொல்றது அதத்தான். அதில ஈஸ்டுக்கு வேலையே இல்ல. போட்ட சீனி போட்டபடியே போத்தலுக்குள்ள கிடக்கும், அதாலதான் எப்ப வாங்கித் திறந்தாலும் ஒரே இனிப்பு. ஈஸ்ட் போட்டாக் கதை வேற, அது சீனியத் திண்டுதான் காத்து விடும், காத்து கூடக் கூட இனிப்பு குறையும், பாண் மணம் ஒண்டும் வந்து சேரும், அல்ககோலும் வரும். ரெண்டும் குடிக்க நல்லாத்தான் இரிக்கும், ஆனா ரெண்டும் ஒரே சாமான் இல்ல. உங்களுக்கு ஈஜிபி ருசிதான் வேணும் எண்டா இஞ்சிப் பாணி காச்சி, குளிர்ந்த வெறும் சோடாவில கலக்கிறதுதான் ஆகக் கிட்டவான வழி. புளிச்ச இஞ்சிப் பானம் வேணும் எண்டா ஈஸ்ட் போடுங்க, ஆனா அதில போய் கடை ருசியத் தேடாதீங்க.

முதல்ல சோடா வழியப் பாப்பம், அது லேசு.

இதில கன பேர் விடுற பிழை சீனிய வாயால அளக்கிறது. அடுப்பில இரிக்கிற சூட்டுப் பாணிய எள்ளுப்போல நக்கிப் பாத்திட்டு சரி எண்டு இறக்கிடுவாங்க, மறுகா அது குளிர்ந்து காத்தும் சேந்தவுடன சப்பெண்டு கிடக்கும், ஏனெண்டா குளிருக்குள்ள நாக்குக்கு இனிப்பு குறைவாத்தான் தெரியும், காத்துப் புளிப்பும் அத இன்னும் அமத்தும். உங்களுக்குப் புடிச்ச போத்தலையே கையில எடுத்துப் பாருங்களன். 2016 ஆகஸ்ட்ல இருந்து இலங்கையில சோடாப் போத்தல்ல சீனி அளவ நிறத்தோட போடணும், 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல எண்டா சிவப்பு, 2க்கும் 11க்கும் இடையில எண்டா செம்மஞ்சள், அதுக்குக் கீழ பச்சை. அந்த வட்டத்துக்குள்ள கிடக்கிற இலக்கம்தான் உங்கட ரெசிப்பி. 8 எண்டு கிடந்தா 1 லீட்டருக்கு 80 கிராம் சீனி, வேற கணக்கு ஒண்டும் தேவையில்ல. வெள்ளச் சீனிதான் போடணும். சிவப்புச் சீனி, பனங்கட்டி எல்லாம் உடம்புக்கு நல்லம் எண்டு போடுறாங்க, போடலாம், ஆனா இஞ்சிக்கு மேல பனங்கட்டி மணம் நிண்டா அது வேற ஒரு பானம், கேட்டா ஈஜிபி எண்டு சொல்லாதீங்க.

இஞ்சியில விடுற பிழை ரெண்டு மூண்டு கிடக்கு. சந்தையில பெரிய பெரிய கொழுத்த கிழங்காக் கிடக்கிறது சீன இஞ்சி, அதில தண்ணி கூட, காரம் குறைவு. நாட்டிஞ்சி சின்னன், தும்பு கூட, சீவ அலுப்பு, ஆனா காரமும் மணமும் அதிலதான். சோடாவில கலந்து மெல்லிசாப் போற சாமானுக்கு நாட்டிஞ்சிதான் தாக்குப்புடிக்கும், லீட்டருக்கு 50 கிராம் அளவு நல்லம், காரம் விருப்பம் எண்டாக் கூட்டுங்க. பச்சை இஞ்சி கிடைக்கல்ல எண்டு வேர்க்கொம்பத் தட்டிப் போட்டா காரம் தொண்டையில ஏறும், ஆனா அந்தப் பச்சை மணம் வராது. காரணம் இரிக்கு, பச்சை இஞ்சியிட காரம் ஜிஞ்சரோல் எண்ட சாமான், காயவச்சா அது ஷோகோலா மாறும், ஷோகோல் இன்னும் உறைப்பு, அதாலதான் வேர்க்கொம்புக் கோப்பி குடிச்சா நெஞ்சு எரியிற மாதிரி இரிக்கிறது. கன நேரம் கொதிக்க விட்டாலும் இதே சிக்கல்தான், பச்சை மணம் ஆவியோட போயிடும், ருசி கசாயப் பக்கம் சாஞ்சிடும். அதுக்கு நல்ல வழி, இஞ்சியில பாதிய நசுக்கிச் சீனியோட சின்ன நெருப்பில ஒரு பத்து நிமிசம் காச்சி இறக்குங்க, மத்தப் பாதியத் துருவிப் புழிஞ்சி, அந்தச் சாறக் கொஞ்ச நேரம் அசைக்காம வைங்க, அடியில வெள்ளயா மா இறங்கும், மேல இரிக்கிறத மட்டும் ஊத்தி எடுத்து ஆறின பாணியில விடுங்க. தேசிப்புளியும் அப்பிடித்தான், அடுப்ப நூத்து ஆறினதுக்குப் பிறகு. கொதிக்கிற பாணிக்குள்ள தேசிக்காயப் புழியிறவங்க புளிப்ப மட்டும்தான் எடுக்கிறாங்க, மணம் குசினி முழுக்கப் போயிடும்.

வடிக்கிறதில சோம்பல் படாதீங்க. இஞ்சித் தூள் கொஞ்சம் உள்ள போனாலும், சோடா ஊத்தின உடன ஒவ்வொரு தூளிலயும் குமிழ் புடிச்சிப் பொங்கி, காத்து முழுக்க மேல போயிடும், மறுகா கிளாசில இரிக்கிறது இனிப்புத் தண்ணி. துணியில ரெண்டு தரம் வடிங்க. பாணியையும் சோடாவையும் ரெண்டையும் நல்லாக் குளிர வைங்க, ஏனெண்டா 30 பாகைத் தண்ணியில நிக்கிற காத்து 5 பாகைத் தண்ணியில நிக்கிறதிட பாதியும் இல்ல. 1866ல ஐஸ் கம்பனியாத் தொடங்கின எலிபன்ட் ஹவுஸ்காரங்கட சோடாவப் போல செய்யப் போறம், அப்ப குளிர விட்டுட்டு என்ன செய்யிறது. பாணியக் கெட்டியா வச்சி லீட்டருக்கு 150 மில்லிக்கு மேல போகாமப் பாத்துக்கொள்ளுங்க, பாணி கூடினா சோடா குறையும், காத்தும் குறையும். முதல்ல பாணி, மறுகா சோடாவக் கிளாசிட ஓரத்தால மெதுவா, கரண்டியால ஒரே ஒரு கிண்டு.

சோடா வாங்கக் காசெதுக்கு எண்டு அப்பச்சோடாவயும் தேசிப்புளியயும் சேத்துப் பொங்க வைக்கிற ஒரு கூட்டம் இரிக்கு. பொங்கும்தான், ஒரு நிமிசம். மறுகா உப்புக் கலந்த சவுக்காரத் தண்ணி, போட்ட புளிப்பும் செத்துப் போயிடும். வேணாம்.

இப்ப ஈஸ்ட் வழி. இதில பிழை விட்டா ருசி மட்டும் இல்ல, கண்ணும் போகலாம், அதால கொஞ்சம் நிண்டு சொல்றன்.

கணக்க முதல்ல விளங்கிக்கொள்ளுங்க. 4 கிராம் சீனி புளிச்சா ஏறக்குறைய 2 கிராம் காத்தும் 2 கிராம் அல்ககோலும் வரும். ஒரு லீட்டர் சோடாவுக்கு நல்ல காத்து எண்டா 7, 8 கிராம் போதும், அதாவது 15 கிராம் சீனி புளிச்சா வேலை முடிஞ்சிது. ஆனா நீங்க போட்டது 80 கிராம். ஈஸ்டுக்கு நிப்பாட்டத் தெரியாது, சீனி இரிக்கிற வரைக்கும் திண்டுகொண்டே போகும், நீங்க மறந்து போனா போத்தலுக்குள்ள தேவையானத விட அஞ்சு மடங்கு காத்து. கண்ணாடிப் போத்தல் எண்டா அது குண்டுதான், சாராயப் போத்தல், சோஸ் போத்தல், ஜாம் போத்தல் இதெல்லாம் காத்தமுக்கம் தாங்கச் செஞ்சதே இல்ல, வடிவா இரிக்கு எண்டு அதுக்குள்ள ஊத்தி இறுக்கி மூடி சாமி அறையில வைக்கிற ஆக்களப் பாத்தாப் பயமா இரிக்கு. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலத்தான் எடுக்கணும், அது அந்த அமுக்கத்துக்கு எண்டே செஞ்சது. தண்ணிப் போத்தலும் பிளாஸ்டிக்தானே எண்டு நினைக்காதீங்க, அது மெல்லிசு. பிளாஸ்டிக்கிட பெரிய நன்மை என்னெண்டா கையால அமத்திப் பாக்கலாம், அமுங்கினா இன்னும் காத்து வரணும், கல்லுப் போல இரிந்தா உடன பிரிட்ஜுக்குள்ள போகணும்.

எத்தன மணித்தியாலம் எண்டு கேட்டா, வெளிநாட்டு ரெசிப்பியில ரெண்டு நாள் எண்டு போட்டிருப்பான், அத அப்பிடியே நம்புறதும் ஒரு பெரிய பிழை. அவன்ட குசினி 20 பாகை. ஆடி மாசத்தில மாமாங்கத் திருவிழா நேரம் நம்மட குசினி எத்தன பாகை எண்டு நான் சொல்லத் தேவையில்ல, 32, 33 எல்லாம் சாதாரணம், அந்தச் சூட்டில ஈஸ்ட் பேய்க்கூத்தாடும். காலைல போட்டா பின்னேரத்தில இருந்தே அமத்திப் பாக்கத் தொடங்குங்க, ராவைக்கே கல்லாகிடலாம். படுக்கப் போக முதல் ஒருக்காப் பாக்காம விடாதீங்க. வைக்கிற இடமும் மூடி போட்ட வாளிக்குள்ள எண்டா நல்லம், வெடிச்சாலும் வாளியோட போயிடும்.

ஈஸ்ட் கூடப் போட்டாக் கெதியா வரும்தான், ஆனா பாண் மணமும் சேந்து வரும். 2 லீட்டர் போத்தலுக்குக் கால் தேக்கரண்டியில பாதி போதும். கொதிக்கிற தண்ணிக்குள்ள போட்டா ஈஸ்ட் செத்துப்போகும், மறுகா ரெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தாலும் ஒண்டும் நடக்காது, விரல் வச்சா இளஞ்சூடா இரிக்கணும், அவ்வளவுதான். சூட்டுப் பாணிய பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள ஊத்தினா போத்தலும் சுருங்கி நெளிஞ்சி போகும். மேல ரெண்டு விரல் இடம் விடுங்க. போத்தலக் கழுவிட்டன் எண்டு சும்மா சொல்றது காணாது, பிள்ளைகளிட பால் போத்தலுக்குப் போடுற மில்டன் தண்ணியில ஊறப்போட்டு எடுங்க, இல்லாட்டி வேற கிருமி சேந்து புளிச்ச மோர் மணம் அடிக்கும். தண்ணிக்கும் இதே கவனம் வேணும், பைப் தண்ணியில குளோரின் மணம் இரிந்தாக் கொதிக்க வச்சி ஆற விடுங்க, கடலுக்கும் வாவிக்கும் இடையில கிடக்கிற கல்லடிப் பக்கத்து கிணத்துத் தண்ணி சவராக் கிடந்தா அதக் கொதிக்க வச்சும் பிரயோசனம் இல்ல, உப்பு போகாது.

இன்னொரு பிழை, கேட்டா கெட்டித்தனம் மாதிரி இரிக்கும். போத்தல் இறுகினவுடன மூடியத் திறந்து காத்த விட்டிட்டுத் திரும்ப மூடி வைக்கிறது, வெடிக்காதுதானே எண்டு. வெடிக்காது, ஓம். ஆனா வெளிய போறது காத்து மட்டும்தான், அல்ககோல் உள்ளயே நிக்கும், ஒவ்வொரு தரமும் திறக்கத் திறக்க ஈஸ்ட் திரும்பத் தின்னும், சீனி குறையும், அல்ககோல் ஏறும். முதல்தரம் இறுகினவுடன குளிர வச்சா 1 வீதம் அளவில நிக்கிற சாமான், லீட்டருக்கு 80 கிராமும் புளிச்சு முடிஞ்சா 5 வீதத்தத் தொடும், கடையில விக்கிற லாகர் பியர் அளவு. அதையும் சோடா எண்டு பிள்ளைகளுக்குக் குடுக்கிறதா? காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு துறக்க வைக்கப் போறீங்க எண்டா ஈஸ்ட் பக்கமே போகாதீங்க, சோடா வழிதான் சரி, அதில அல்ககோல் வாறதுக்கு வழியே இல்ல. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிமார் இரிக்கிற வீட்டுக்கும் அதுதான்.

இதே இடத்தில சில தம்பிமார் கேக்கிற கேள்வி ஒண்டு இரிக்கு, அப்ப இன்னும் சீனி போட்டு விட்டா அந்த 8.8 வீத லயன் ஸ்டௌட் கறுப்புப் பியர் மாதிரி ஸ்ட்ரோங்கா வராதா எண்டு. வராது. அந்த ருசி வறுத்த மோல்ட்டில (முளைக்க வச்ச பார்லி) இருந்தும் ஹொப்ஸ் எண்ட கசப்புப் பூவில இருந்தும் வாறது, சீனியும் பாண் ஈஸ்டும் சேந்தாத் தலையிடிதான் வரும். அதோட 1912ம் ஆண்டு மதுவரிச் சட்டப்படி லைசன் இல்லாம வீட்டில மதுபானம் செய்யிறது குற்றம், கோப்பை அளவு எண்டாலும் பீப்பா அளவு எண்டாலும். வெளிநாட்டில இரிக்கிற மச்சான்மார் அங்க சட்டப்படி கிட் வாங்கிச் செய்யிறாங்க, அது அவங்கட நாட்டுக் கதை.

பிரிட்ஜுக்குள்ள வச்சிட்டா முடிஞ்சிது எண்டு நினைக்கிறதும் சரியில்ல. குளிரில ஈஸ்ட் சாகாது, நித்திரை மட்டும்தான், மெதுமெதுவா வேலை செஞ்சுகொண்டுதான் இரிக்கும், அதால ஒரு கிழமைக்குள்ள குடிச்சு முடிங்க. கரண்ட் நிண்டு கன நேரம் போனா முதல் வேலையா போத்தல அமத்திப் பாருங்க. திறக்க முதல் ஒரு ராவாவது குளிர விடுங்க, அப்பதான் காத்து தண்ணிக்குள்ள இறங்கும், இல்லாட்டித் திறந்தவுடன முக்காப் போத்தல் முகட்டில. மூடியக் கொஞ்சம் கொஞ்சமா, சிங்குக்கு மேல வச்சி, சீ எண்ட சத்தம் அடங்கினாப் பிறகு மிச்சத்தத் திறங்க. ஊத்தக்குள்ள போத்தலக் குலுக்காதீங்க, அடியில சாம்பல் நிறத்தில இறங்கிக் கிடக்கிறது ஈஸ்ட், அது கிளாசுக்குள்ள வந்தா கசக்கும், வயிறும் ஊதும், அந்தக் கடைசி ஒரு விரல் அளவ வாழையடியில ஊத்திட்டுப் போத்தல அப்பவே கழுவிப் போடுங்க, காஞ்சிட்டா லேசில போகாது.