போடி, கம்பம் பக்கத்து ஐடிஐ தம்பிகள் பெரிய இயற்பியல் கூடத்துக்குள் நுழைவது எப்படி?

ஐடிஐ முடித்ததும் குமுளி தாண்டி வேலை தேடுகிறவர்கள் இதையும் யோசியுங்கள். சுவிஸ்-பிரான்ஸ் எல்லையில் இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி இயற்பியலாளர்களைவிட பொறியாளர்களும் டெக்னீஷியன்களும்தான் அதிகம். 2008-இல் அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி வளையம் ஓடத் தொடங்கி ஒன்பதே நாளில் நின்றதற்குக் காரணம், காந்தங்களுக்கு நடுவே சரியாகப் பற்றவைக்காத ஒரு மின் இணைப்பு!

முதலில் வெல்டிங்கில் கை தேறட்டும். அப்புறம் வெற்றிட வேலை, அதாவது காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்களையும் கலன்களையும் கசிவில்லாமல் பொருத்துவது. இணைப்புகளின் வெளியே ஹீலியம் வாயுவை அடித்து, அது உள்ளே புகுகிறதா என்று கசிவு பார்க்கும்போது மேல் இணைப்பிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். லேசான வாயு, மேலே ஏறிவிடும், கீழிருந்து அடித்தால் எது கசிகிறதென்றே குழம்பிப்போகும். உள்பாகங்களை வெறுங்கையால் தொடவே கூடாது, விரல் பிசுக்கே வெற்றிடத்தைக் கெடுக்கும்.

பாபா அணு ஆராய்ச்சி மையம் உதவித்தொகையோடு பயிற்சி தர ஐடிஐ, டிப்ளமோ ஆட்களை எடுப்பதுண்டு, அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு, அங்கேயும் விண்ணப்பிக்கலாம்.