வெறும் லாக் என்றால் எந்த லாக்?

ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 0.001 மோல். அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எவ்வளவு? புத்தகத்தில் ‘மைனஸ் லாக்’ என்று போட்டிருக்கிறது, பைத்தான் நிரல்மொழியிலும் அப்படியே எழுதுகிறோம். விடை 6.908. அப்படியானால் அது கிட்டத்தட்ட தூய நீர்! சரியான விடை 3, அதாவது தெளிவான அமிலம்.

இங்கே கணக்கு பிசகவில்லை, அடிமானம் மாறிவிட்டது. லாக், அதாவது மடக்கை என்பது ஓர் எண்ணை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் நாம் கேட்கும் எண் வரும் என்பது; அப்படி உயர்த்தப்படும் எண்தான் அடிமானம். வேதியியல் பாடத்தில் வெறும் லாக் என்றால் அடிமானம் 10. பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் வெறும் லாக் என்பது இயற்கை மடக்கை. அதன் அடிமானம் 2.718 சொச்சம். 10 வேண்டுமென்றால் லாக்10 என்றே எழுத வேண்டும். மறந்தால் விடை 2.303 மடங்காகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

கால்குலேட்டரில் லாக் பொத்தான் 10, எல்என் பொத்தான் இயற்கை மடக்கை. எக்செல் கட்டத்திலும் லாக் 10தான். ஆனால் அதே எக்செலுக்குள் விபிஏ மேக்ரோ (எக்செலுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்) எழுதினால் லாக் இயற்கை மடக்கையாகிவிடும். ஒரே கோப்பில் இரண்டு அர்த்தம்! இதில் ஏமாறுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எல்ஜி (lg) என்ற குறியீடும் இப்படித்தான். ஐஎஸ்ஓ 80000-2 என்ற பன்னாட்டுத் தரப்படி அது 10. அல்காரிதம் புத்தகங்கள் பலவற்றில் அது 2. நூலின் முன்பக்கத்தில் குறியீட்டு விளக்கம் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். நீங்கள் எழுதும்போது அடிமானத்தைக் கீழே சிறிதாகப் போட்டுவிடுங்கள், ஒரு நொடி வேலை.

புது மென்பொருள் எதுவானாலும் நான் முதலில் 100க்கு லாக் கேட்டுப் பார்ப்பேன். 2 வந்தால் அடிமானம் 10. 4.605 வந்தால் இயற்கை மடக்கை. 6.644 வந்தால் அடிமானம் 2.

அப்புறம், அடிமானத்தை நாமே கொடுக்கும் இடத்தில் வரிசையையும் பார்க்க வேண்டும். எக்செலிலும் பைத்தானிலும் எண் முதலில், அடிமானம் பிறகு: 8, 2 என்று கொடுத்தால் 3 வரும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் அடிமானம்தான் முதலில். அங்கே அதே 8, 2 கொடுத்தால் கிடைப்பது 0.333.