கரையில் இறங்குமுன் திரும்பும் வழியைப் பாருங்கள்

உல்லாசக் கப்பலின் பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். கப்பல் போய் நின்றது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். செலவு மிச்சமாகும் என்று நானும் அம்மாவும் ரயிலில் போனோம். திரும்பும்போது நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. 40 நிமிடம் நகரவில்லை. கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு 11 நிமிடம் இருக்கும்போதுதான் ஏணியில் கால் வைத்தோம். மேலே நின்ற பணியாளர் கப்பலில் ஏறுவதற்கான அட்டையைக் கேட்டதும் அம்மா கையை விரித்தார். அட்டையின் விளிம்பு உள்ளங்கையில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. ரயில் நின்ற நேரம் முழுவதும் அதை இறுக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறார்.

கப்பல் நிற்கும் ஊரில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் கரைச் சுற்றுலாவைக் கப்பல் மூலம் பதிவு செய்வதா, உள்ளூர் வழிகாட்டியிடம் நேரடியாகப் பதிவு செய்வதா என்று கேட்பவர்களிடம் அதனால்தான் விலையைப் பற்றி முதலில் பேச மாட்டேன். திரும்பி வரும் வழியைப் பற்றிக் கேட்பேன்.

முதலில் வரைபடத்தை எடுத்து, கப்பல் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. சுமார் 90 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர். 200 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். அந்த பஸ்ஸும் வழிகாட்டியும் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்தான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஓர் உறுதிமொழிக்கானது: அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனால், அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு. தனியாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது.

தொலைவு குறைவாக இருந்தால் என் பதில் மாறிவிடும். துருக்கியின் குஷாதாசி துறைமுகத்திலிருந்து பழங்கால நகரமான எபேசு 20 கிலோமீட்டர்தான். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தினோம். அவர் எங்களை மேல்வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கீழ்வாசலுக்கு அனுப்பிவைத்தார். பாதை முழுவதும் இறக்கம் என்பதால் அம்மாவின் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. செல்சஸ் நூலகத்தின் முன்னால் ஒரு கல்லில் அமர்ந்து, அந்தத் தூண்களை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒலிக்கருவி மாட்டிய நாற்பது பேர் குழு ஒன்று வந்து, படம் எடுத்துக்கொண்டு, எங்களைக் கடந்து போனது. வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இந்த நிதானம்தான் பெரிய வரம்.

கிரேக்கத் தீவான சாண்டோரினி மாதிரி, கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே கப்பல் மூலம் பதிவு செய்தவர்களுக்கே பொதுவாக முதல் படகுகள். மற்றவர்கள் பழைய துறையில் இறங்கி, மலைமேல் இருக்கும் ஃபிரா நகருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் கழுதை, அல்லது 600க்குச் சற்றுக் குறைவான படிகள். இரண்டு மூன்று கப்பல்கள் ஒன்றாக வந்துவிட்டால் மாலையில் கீழே இறங்கவே மணிக்கணக்கில் வரிசையில் நிற்க நேரும். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தினால், மேலே ஃபிராவில் சந்திப்பதாகவும், கப்பல் வந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சந்திப்பதாகவும் பேசிக்கொள்ளுங்கள்.

கடல் கொந்தளித்தால் முதலில் கைவிடப்படுவதும் இப்படிப்பட்ட துறைகள்தான். அப்போது கப்பல் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் தானாகத் திரும்பிவிடும். உள்ளூர் நிறுவனத்திடம் மட்டும், “கப்பல் வராமல் போனால் முழுப் பணமும் திரும்புமா?” என்று எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். கூடவே வண்டியில் எத்தனை பேர், உரிமமும் காப்பீடும் உண்டா, சந்திப்பது துறைமுக வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். பல துறைமுகங்களில் வெளி வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள். நான் எழுதும் முதல் கடிதத்திலேயே கப்பலின் பெயரையும் தேதியையும் சொல்லிவிடுவேன். அன்று இன்னும் எத்தனை கப்பல்கள் வருகின்றன, எத்தனை மணிக்குக் கிளம்பினால் கூட்டத்தைத் தவிர்க்கலாம் என்று பதில் வந்தால் அவரை நம்பிப் பதிவு செய்வேன். விலைப்பட்டியல் மட்டும் வந்தால் வேறு ஆளைத் தேடுவேன்.

நேரக் கணக்கில் பலர் ஏமாறுவது கைப்பேசியால். அது தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்தையே வைத்திருக்கக்கூடும். எனவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஏற வேண்டிய கடைசி நேரம், கப்பல் புறப்படுவதற்குப் பெரும்பாலும் அரைமணி நேரம் முன்னதாகவே இருக்கும். அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே கப்பல்துறைக்கு வந்துவிடுவது எங்கள் வழக்கம்.

தனியாக இறங்கும் நாளில் பாஸ்போர்ட், அன்றைய மருந்து, வங்கி அட்டை மூன்றும் பையில் இருக்கட்டும். கப்பல் போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏற முடியாது. அப்படி நேர்ந்தால் முதலில் தேட வேண்டியவர் கப்பலின் துறைமுக முகவர், அதாவது அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் வேலைகளைக் கவனிப்பவர். கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் பெரும்பாலும் அவருடைய தொலைபேசி எண் இருக்கும். நான் அதைப் படம் எடுத்துக்கொள்வேன். அம்மா தன் சின்னக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதி, அதன் கீழே ஏற வேண்டிய நேரத்தையும் எழுதிக்கொள்கிறார்.