பிலிப்பைன்ஸில் கேள்வியை இப்படிக் கேளுங்கள்

பிலிப்பைன்ஸில் யாரிடமாவது விசாரிக்கும்போது, 'ஆமாம்' என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள். மணிலாவில் ஜீப்னி என்ற சிறு பேருந்தில் கியாப்போ பகுதிக்குப் போக வேண்டுமானால், "இந்த ஜீப்னி கியாப்போ போகுமா?" என்பதைவிட "கியாப்போ போக எதில் ஏறணும்?" என்று கேட்பது நல்லது. ஏசி ரிப்பேர்காரரிடமும் அப்படித்தான்: "நாளைக்கு வந்துடுவீங்களா?" வேண்டாம், "எந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும்?" என்று கேளுங்கள். அலைச்சலும் ஜீப்னி காசும் மிச்சம்.

முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல அங்கே பலருக்கும் மனம் வராது. கேட்டவர் மனம் நோகக்கூடாது என்ற அக்கறைதான் அது. அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திவிடாதீர்கள். அந்த அவமானத்தை அவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். "முயற்சி செய்கிறேன்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் நடக்காது என்றே வைத்துக்கொண்டு வேறு ஏற்பாடு பாருங்கள்.

பேசுகிறவர் முகத்தையும் கவனியுங்கள். புருவத்தைச் சட்டென்று உயர்த்தினால் 'ஆமாம்'. உதட்டைக் குவித்து ஒரு பக்கம் காட்டினால், நீங்கள் தேடும் இடம் அந்தத் திசையில். இது தெரியாமல் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் வெளிநாட்டவர்கள் நிறைய.

வங்கி, விமான நிலைய கவுன்டர் மாதிரி இடங்களில் இதெல்லாம் தேவையில்லை, நேரடியாகவே பதில் கிடைக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் எந்தக் கடையிலும் சுற்றி வளைக்காமல் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அங்கே பல குழம்புகளில் இறால் விழுது சேர்ப்பார்கள்.