காலேஜில் சேர்ந்ததும் செய்யும் தப்புகள்: பார்ட் ஒன், என்.எம்.இ., ‘சும்மா பேப்பர்’

ஜூன் மாதம் முழுக்க எனக்கு அட்மிஷன் மேசையில்தான் வேலை. பாடம் எடுப்பது வேதியியல், ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் மொழிப்பாடக் கட்டமும் மற்ற கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஐந்தாறு வருடமாக என் தலையில் விழுந்திருக்கிறது. மேஜர் எதுவென்று மாமா, சித்தப்பா, எதிர்வீட்டு இன்ஜினியர் வரைக்கும் ஆறு மாதம் பேசி முடிவு பண்ணி வருகிறார்கள். மற்ற பாடங்களை, நின்ற இடத்திலேயே அடுத்தவனிடம் பேனா கடன் வாங்கி, அரை நிமிடத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். 2009-ல் சென்னையில் நானும் அப்படித்தான் அடித்தேன்.

நண்பன் எடுத்தான் என்று எடுக்காதே, கடைசித் தேதி வரை காத்திருக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், தெரிந்தும் செய்வீர்கள்.

மார்க்குக்காகத் தமிழை விட்டு ஓடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிறது.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பார்ட் ஒன் என்பது மொழிப்பாடம். தமிழ், இந்தி, சமஸ்கிருதம், ஃப்ரெஞ்சு என்று அந்தந்தக் கல்லூரியில் ஆசிரியர் இருப்பதைப் பொறுத்து எடுக்கலாம். பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும் (மேஜருக்குத் துணைப்பாடம்), பார்ட் ஃபோரில் என்.எம்.இ. (மேஜருக்கு வெளியே விருப்பப்பட்ட ஒரு பாடம்), சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, பார்ட் ஃபைவில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை இதன் உள்ளே இருக்கிறது.

நான் திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். விடுதியில் ஒரு சீனியர், “தமிழ்ல முட்டி மோதினாலும் அறுபத்தஞ்சைத் தாண்டாது, ஃப்ரெஞ்சு எடு, தொண்ணூறு கன்ஃபார்ம்” என்றார். எடுத்தேன். முதல் மாதம் சுகமாகத்தான் போனது. அப்புறம் எண்கள் வந்தன. தொண்ணூற்றேழைச் சொல்ல ‘நாலு இருபது, பத்து, ஏழு’ என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணைக்கு ஆண்பாலும் பெண்பாலும் கிடையாது என்று இலக்கணம் படித்து வந்தவன், மேசைக்கு ஒரு முடிவும் புத்தகத்துக்கு வேறொரு முடிவும் போட்டு அடைமொழியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாவதிலிருந்து ஃப்ரெஞ்சு படித்தவர்கள். அந்தத் தொண்ணூறு அவர்களுடைய தொண்ணூறு. எனக்கு 52.

சரி, மார்க்தான் போனது என்று விட்டிருப்பேன். இரண்டாவது அடி அடுத்து விழுந்தது. பன்னிரண்டாவது வரை தமிழ் படித்துவிட்டுப் பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுப்பவர்கள், பார்ட் ஃபோரில் ‘சிறப்புத் தமிழ்’ இரண்டு பேப்பர் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காமல் வந்து வேறு மொழி எடுத்தவர்களுக்கு ‘அடிப்படைத் தமிழ்’, அது ஆறாம் வகுப்பு அளவில் இருக்கும். இந்த இரண்டிலும் சேராதவர்களுக்குத்தான் என்.எம்.இ. ஆக, தமிழை விட்டு ஓடின எனக்குத் தமிழும் வந்தது, விருப்பப் பாடமும் போனது. இதழியல் எடுக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தேன்.

மூன்றாவதுதான் உச்சம். நான் எந்த மார்க்குக்காக ஓடினேனோ அந்த மார்க்கை யாரும் கேட்கவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸா இல்லையா என்பதைப் பார்ட் த்ரீயை வைத்துத்தான் பார்ப்பார்கள், பார்ட் ஒன் மார்க் தனியாக நிற்கும். எம்.எஸ்சி. விண்ணப்பத்திலும் கேட்டது பார்ட் த்ரீ சதவீதம்தான். (தன்னாட்சிக் கல்லூரி என்றால் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு.)

அதே அறையில் இருந்த இன்னொருவன் பேசாமல் தமிழ் எடுத்தான். முதல் செமஸ்டரில் புதுக்கவிதையில் ஆரம்பித்து நாலாவதில் சங்க இலக்கியம் வரைக்கும் வந்தான், பெரிதாக மார்க்கும் இல்லை. பல வருடம் கழித்து அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதினான். 2021 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தத் தேர்வின் 300 மார்க்கில் 150 தமிழுக்கு. அதில் 60 வாங்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அவனுக்கு அது பழகின தெரு. நாலு செமஸ்டர் ஃப்ரெஞ்சில் எனக்கு மிச்சம், என் பெயரைச் சொல்லத் தெரியும்.

ஃப்ரெஞ்சு எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பள்ளியில் படித்திருக்கிறீர்கள், மேலே படிக்க ஆசை இருக்கிறது, வெளிநாட்டுத் திட்டம் இருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். நான் திட்டுவது, “மார்க் அள்ளலாம்னு சொன்னாங்க சார்” என்று பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லும் அப்பாக்களை. பிள்ளை வாயே திறக்காது. “தம்பி, உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டால் அப்பா முகத்தைப் பார்க்கும்.

‘அது சும்மா பேப்பர்’

சும்மா பேப்பர் என்று ஒன்று கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் கணக்கில் சேராது, சரி. ஆனால் பாஸ் பண்ணாமல் டிகிரி வராது. சுற்றுச்சூழல் கல்வி இரண்டே கிரெடிட். 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பிறகு யுஜிசி கட்டாயமாக்கியதால் எந்த மேஜராக இருந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. முந்தின நாள் ராத்திரி ‘ஓசோன் படலம்’ மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். இன்டர்னல் 25-ல் 22 இருக்கிறது, மொத்தம் நாற்பதுதானே என்று கணக்குப் போடுகிறார்கள். எக்ஸ்டர்னல் 75-ல் தனியாக 30 எடுக்க வேண்டும் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிகிறது. மேஜரில் எண்பது சதவீதம் எடுத்த ஒரு பெண், இந்த ஒரு அரியரால் புரொவிஷனல் சான்றிதழ் கிடைக்காமல் எம்.எஸ்சி. சீட்டை விட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றாள். நான் என்ன செய்ய?

என்.எம்.இ.யைத் தலைப்பைப் பார்த்து எடுப்பது

‘ஊடகத் திறன்’ என்று இருக்கும், உள்ளே பத்திரிகை வரலாறு மட்டும் இருக்கும். ‘போட்டித் தேர்வுக் கணிதம்’ என்று பயமுறுத்தும், உள்ளே வட்டி, விகிதம், ரயில் கணக்கு, அவ்வளவுதான். பாடத்திட்டத்தை இரண்டு நிமிடம் பாருங்கள். அதைவிட முக்கியம், யார் எடுக்கிறார் என்று ஒரு சீனியரிடம் கேளுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு கிரெடிட் பாடங்களை ஆசையாக எடுப்பவரும் உண்டு, நேர அட்டவணையில் தள்ளிவிடப்பட்டு எடுப்பவரும் உண்டு.

என்.சி.சி.யை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. ‘சி’ சான்றிதழுக்கு மூன்று வருடம் வேண்டும், உங்கள் டிகிரியே மூன்று வருடம்.

ஸ்வயத்தில் பதிவு செய்துவிட்டால் கிரெடிட் வந்துவிடும் என்று நம்புவது

ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். பாடத்தில் சேர இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் பாடம் என்றால் வாராவாரம் வரும் அசைன்மென்ட்டில் 25-க்கு 10, நேரில் போய் எழுதும் தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். இதெல்லாம் தாண்டிச் சான்றிதழோடு வந்த பிறகு, “இந்தப் பாடம் நம்ம பட்டியலில் இல்லையே” என்று துறைத்தலைவர் சொல்வார். முதலிலேயே அவரிடம் கேட்டு, எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

தப்பு என்று தெரிந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது

முதல் இரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்ள வழி இருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டி, பேப்பர் கோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் யாராலும் ஒன்றும் பண்ண முடியாது. போன வருடம் ஒரு பையன் மட்டும் பத்தாவது நாள் வந்தான். “சார், ஃப்ரெஞ்சு வேண்டாம், தமிழுக்கே மாத்திக் குடுங்க.” சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் திரும்ப வந்து, “அப்ப எனக்கும் என்.எம்.இ. உண்டுல்ல சார், எதை எடுக்கட்டும்?” என்றான். பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் நிரம்பி, தாவரவியல் துறையின் காளான் வளர்ப்பில் மட்டும் நாலு இடம் மிச்சம் இருந்தது.